அறுபதாம் கல்யாணமும் நான் எழுதிக்கொடுத்த வாக்கியமும்

பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்தைப் புரோகிதரின்றிப் பிள்ளைகளே நடத்திவைக்கலாமா என்று ஆய்வு மாணவ நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக நடத்தலாம். ஆனால் புரோகிதரின் இடத்தில் அமர்ந்து நடத்தக்கூடாது என்பது என் கருத்து. என் பெற்றோருக்கு அதை நடத்திவைத்தபோது நானே செய்த பிழையொன்றிலிருந்து கற்றது இது.

திருமண உறுதிமொழியை ஆஸ்டின் வழிவந்தோர் நிகழ்த்துக்கூற்று என்பர். சொல்வதே செய்வதாகிவிடும் கூற்று. அது செல்லுபடியாக உரிய ஆளும் உரிய சூழலும் வேண்டும். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டப்படி, சப்தபதி உள்ள மணத்தில் ஏழாம் அடி வைத்ததும் திருமணம் நிறைவுறுகிறது. 1967இல் அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றம் சேர்த்த 7அ பிரிவு, சுயமரியாதைத் திருமணங்களுக்குப் புரோகிதரே தேவையில்லை என்றாக்கியது. உற்றார் அல்லது நண்பர் முன்னிலையில், இருவரும் தமக்குப் புரியும் எந்த மொழியிலும் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் போதும்.

புதுப்பிக்கும் மணத்துக்கு இவற்றுள் எதுவும் பொருந்தாது. ஏற்கெனவே மணமானவர்களை எந்தச் சொல்லும் மீண்டும் மணமானவர்களாக்காது. பொய்யும் தவறும் தோன்றிய பிறகே கரணம் வகுக்கப்பட்டது என்ற கருத்து தொல்காப்பியக் கற்பியலில் உண்டு. முப்பத்து மூன்று ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்களிடம் அந்த ஐயத்துக்கும் இடமில்லை. அப்படியாயின், அங்கே சொல்லப்படும் சொல் எதைச் செய்கிறது?

அப்பா 1964இல், குரோதி ஆண்டில் பிறந்தவர் (பெயருக்கேற்ற குணம் என்பது அம்மாவின் துணிபு). அறுபதாண்டுச் சுழற்சி முடிந்து 2024இல் குரோதி மீண்டும் வந்தது. திருக்கடையூர் போக இருவருக்கும் விருப்பமில்லை. நாக்பூர் வீட்டிலேயே நான் நடத்துவதென்று முடிவாயிற்று. மொழியியல் படித்தவள் என்ற செருக்கில், இருவருக்கும் நல்ல தமிழில் உறுதிமொழி எழுதினேன். அம்மாவுக்கு எழுதியதில் 'உங்கள் வழியே என் வழி' என்றொரு தொடர் இருந்தது. ஓசை நன்றாக இருந்ததால் எழுதினேன்.

முதல்நாள் இரவு அம்மா தாளைப் படித்துவிட்டுச் சொன்னார்: "இதை மட்டும் எடுத்துடும்மா. இதைத்தான் இத்தனை வருஷம் பண்ணியாச்சே."

அப்பாவின் ரயில்வே வேலை எங்களைக் கரக்பூர், பிலாஸ்பூர், நாக்பூர் என்று கொண்டுசென்றது. அம்மா கரக்பூரில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். முதல் மாற்றலோடு அது முடிந்தது. இதை நான் அறியாதவளல்லேன். அறிந்தே அவர் வாயில் அத்தொடரை வைத்தேன். புரியாத மந்திரத்தைத் திரும்பச் சொல்லவைப்பதை விமர்சித்துக் கருத்தரங்கில் பேசியவள், புரியும் மொழியில் அதையே செய்தேன். புரியும் மொழி என்பதால் என் செயலே கொடிது என்று இப்போது தோன்றுகிறது.

அன்பர் ஒருவர் நடத்திவைக்கும்போது சட்டமோ சமயமோ அவருக்கு அதிகாரம் எதையும் தருவதில்லை. அவரிடம் உள்ளது, அந்த வாழ்க்கையை அருகிருந்து பார்த்தவர் என்ற தகுதி ஒன்றுதான். ஆகவே அவர் சொல்லிக்கொடுக்கக்கூடாது, கேட்க வேண்டும். 'இனி என்ன வாக்குத் தருகிறீர்கள், எதைத் தர மாட்டீர்கள்?' என்ற வினா உண்மையான வினாவாக இருக்க வேண்டும். மறுக்க வழியில்லாத இடத்தில் புதுப்பித்தலும் இல்லை. மணமக்களாக அமரும் பெற்றோருக்கு அழகிய உறுதிமொழி எழுதி ஒலிபெருக்கியில் படிக்கவைக்கும் இன்றைய வழக்கம் எனக்கு உவப்பாக இல்லை.

பிள்ளைகள் முன் பெற்றோர் மனம் திறந்து பேசுவார்களா என்பது வலுவான மறுப்பு. சபையில் பேசமாட்டார்கள், அம்மாவும் சமையலறையில்தான் பேசினார். அதனால்தான், நடத்துபவரின் வேலை சடங்குக்குப் பல நாள் முன்பே தொடங்க வேண்டும் என்கிறேன். இருவரிடமும் தனித்தனியே. மந்திரத்தின் பயன் பொருளில் இல்லை, ஒலியிலும் மரபிலும் உள்ளது என்பாருக்கு நான் எதிரியல்லேன். அவர்கள் புரோகிதரையே அழைக்கட்டும், அது நேர்மையானது.

மறுநாள் தாளில்லாமல் கேட்டேன். அப்பா சுருக்கமாக, கூச்சத்தோடு, தாம் எழுதிவைத்திருந்ததைப் படித்தார். அம்மா ஒரே வாக்கியம் சொன்னார்: "இனிமே எங்க குடியிருக்கறதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணலாம்."

ஓய்வுக்குப்பின் கும்பகோணம் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்புவதென்று அப்பா ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். கூடத்தில் இருபது பேர் இருந்தோம். சற்று நேரம் ஒன்றும் பேசாமலிருந்துவிட்டு "சரி" என்றார்.

இன்னும் நாக்பூரில்தான் இருக்கிறார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.