சும்மா கிடக்கிற தீவா?



போன மாதம் வரைபடப் பயிற்சிக்காக அந்தமான் தீவுகளைக் குறித்துக்கொண்டிருந்தேன். கிழக்குப் பக்கம் தனியாக இரண்டு புள்ளிகள். "இது என்ன மாமா?" என்று கேட்டேன். மாமா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். எட்டிப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் ஊரே இல்லாத தீவும்மா, சும்மா கிடக்குது" என்றார். அந்தச் 'சும்மா' என்ற வார்த்தை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அந்த இரண்டு புள்ளிகளும் எரிமலைத் தீவுகள். ஒன்று பாரன் தீவு, இன்னொன்று நார்கொண்டம். பெயரைப் பாருங்கள்! 'பாரன்' என்றால் ஆங்கிலத்தில் தரிசு. 'நார்கொண்டம்' என்பது நரக குண்டம் என்பதிலிருந்து வந்தது என்று ஒரு கருத்து உண்டு. ஒன்று தரிசு, ஒன்று நரகம். பெயர் வைத்தவர்கள் நல்ல மனசோடு வைத்ததாகத் தெரியவில்லை.

பாரன் தீவு போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இந்தியாவில் இப்போதும் உயிரோடு இருக்கிற ஒரே எரிமலை இதுதான். 1787-ல் இது வெடித்தது பதிவாகியிருக்கிறது. 1832-க்குப் பிறகு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் அடங்கிக் கிடந்தது. எல்லோரும் மறந்துபோன நேரத்தில் 1991-ல் மறுபடி நெருப்பைக் கக்கியது. 2025 செப்டம்பரில்கூட வெடித்தது. கடலுக்கு மேலே நமக்குத் தெரிவது சுமார் 350 மீட்டர் உயரம்தான். மலையின் அடி, கடலுக்குள் 2000 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. நாம் பார்ப்பது தலையை மட்டும்!

"சரி, அதுக்கும் கடம்பத்தூருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் நம் காலுக்குக் கீழேயே இருக்கிறது. நம் பள்ளிக்கூடம் நிற்கிற நிலம் இந்தியப் புவித்தட்டின் மேல் இருக்கிறது. அந்தத் தட்டு வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர், கிட்டத்தட்ட நகம் வளர்கிற வேகத்தில், வடகிழக்காக நகர்கிறது. அதன் கிழக்கு ஓரம் அந்தமான் பக்கம் இன்னொரு தட்டுக்கு அடியில் நுழைகிறது. ஆழத்தில் போகப் போக, பாறையோடு சேர்ந்து போன தண்ணீர் சூட்டிலும் அழுத்தத்திலும் வெளியேறுகிறது. அந்தத் தண்ணீர் பட்டதும் மேலே உள்ள சூடான பாறை சீக்கிரம் உருகிவிடுகிறது. உப்பு போட்டால் ஐஸ் சீக்கிரம் கரைகிற மாதிரி. உருகிய குழம்பு மேலே வந்து மலையாகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியும் இதே தட்டு ஓரம் அசைந்ததால் வந்ததுதான். அன்று அலை பழவேற்காடு, சென்னை வரை வந்ததே! இனி அதை யாரோ ஒருத்தர் ஊர் சமாச்சாரம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இப்போது நார்கொண்டத்துக்கு வருவோம். பரப்பு சுமார் 7 சதுர கிலோமீட்டர்தான். உச்சி 710 மீட்டர். நெருப்பு அடங்கி ரொம்ப காலமாகி, இன்று முழுக்கக் காடு. உலகத்தில் வேறெங்குமே இல்லாத நார்கொண்டம் இருவாச்சிப் பறவை அங்கே வாழ்கிறது. ஆய்வாளர்கள் கணக்குப்படி சுமார் ஆயிரம் பறவைகள்தான். தாய்ப்பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். சின்ன இடுக்கு வழியாக ஆண்பறவை பழம் ஊட்டும். தின்ற பழத்தின் விதையை இந்தப் பறவைகளே காடு முழுக்கப் போடுகின்றன. மரம் இல்லையென்றால் பறவை இல்லை. பறவை இல்லையென்றால் மரமும் குறையும்.

அங்கே மனிதர்கள் என்று இருப்பது ஒரு சிறிய புறக்காவல் நிலையம்தான். அவர்கள் சாப்பாட்டுக்காக ஒருகாலத்தில் ஆடுகள் கொண்டுபோனார்கள். தப்பான எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் ஆடுகள் பெருகி, முளைக்கிற கன்றையெல்லாம் மேய்ந்தன. பெரிய மரம் ஒருநாள் விழும். அதன் இடத்துக்கு வர கன்று எங்கே? கடைசியில் ஆடுகளைத் திரும்பப் பிடித்து அகற்ற வேண்டியதாயிற்று.

பிறகு கடலோரக் காவல்படை அங்கே ரேடார் நிலையம் வைக்கக் கேட்டது. 2012-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. 2014-ல் அனுமதி கொடுத்தது. நாட்டுப் பாதுகாப்பு முக்கியம், அதை நான் மறுக்கவில்லை. எல்லையில் கண் விழித்திருப்பவர்களால்தான் நாம் தூங்குகிறோம். ஆனால் என் கருத்து இதுதான்: "சும்மா கிடக்குது, எடுத்துக்கோ" என்று ஆரம்பிப்பது வேறு, "இங்கே ஏற்கெனவே குடியிருக்கிறார்கள், எவ்வளவு குறைவாகத் தொந்தரவு செய்யலாம்?" என்று ஆரம்பிப்பது வேறு. முதல் கேள்வியே தப்பாக இருந்தால் விடை எப்படிச் சரியாகும்? கணக்குப் பாடத்திலும் அப்படித்தானே!

தீவை விடுங்கள், நம்ம ஊருக்கு வாருங்கள். கூவம் என்றதும் சென்னைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த ஆற்றுக்குப் பெயர் தந்த கூவம் கிராமம் நம் கடம்பத்தூர் ஒன்றியத்தில்தான் இருக்கிறது. தேவாரப் பாடல் பெற்ற திருவிற்கோலம் கோயில் இருக்கிற ஊர் அது. பெயரைக் கெடுத்தது ஆறு அல்ல, நாம்தான்.

கோடையில் ஏரி காய்ந்துவிட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "புறம்போக்குதானே, சும்மாதானே கிடக்குது" என்று குப்பை கொட்டுகிறோம். அந்த வெடித்த மண்ணுக்குள் தவளை மழைக்காகக் காத்திருக்கிறது. நம் கிணற்றுத் தண்ணீரும் அந்த மண் வழியாகத்தான் இறங்குகிறது. நானும் பிளாஸ்டிக் கவரை அங்கே வீசியவள்தான். இனிமேல் வீசமாட்டேன்.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நம்ம ஏரியும் தீவு மாதிரிதான்னு சொல்ற" என்றார். ஆமாம் மாமா, அதைத்தான் சொல்கிறேன்.

நண்பர்களே, சும்மா கிடக்கிற இடம் என்று உலகத்தில் ஒன்றுமே இல்லை. நமக்குத் தெரியாத இடம்தான் இருக்கிறது. அடுத்த முறை வரைபடத்தில் அந்த இரண்டு புள்ளிகளை மறக்காமல் வையுங்கள்!



— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி