அலுவல் அவையில் வாயடைத்து நிற்பதா?

அவையில் எழுந்து பேசுதற்குத் தமிழன் அஞ்சுகின்றான் என்பது நகைப்பிற்குரிய செய்தி. மேடைப்பேச்சையே அரசியற் படைக்கலமாக்கிக் காட்டிய இனத்தான் அவன். தெருமுனையிலும் மணமன்றத்திலும் இரங்கற் கூட்டத்திலும் மணிக்கணக்கிற் பேசுவான். அவனே தொழிற்சாலையின் காலைக் கூட்டத்திலும் அலுவலக ஆய்வுக் கூட்டத்திலும் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கின்றான். பெயர் சொல்லி அழைத்தால் நாக் குழறுகின்றது, உள்ளங்கை வியர்க்கின்றது. அறிவு குறைவா? இல்லை. பட்டறிவு குறைவா? அதுவும் இல்லை. பின் எது அவன் வாயைப் பூட்டியது?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்கு நான்கு நிலைக்களன்களை வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இறை என்பதற்குத் தந்தை, ஆசிரியர், அரசர் என உரையாசிரியர் பொருள் விரித்தனர். முதல் மூன்றும் இன்றைய அலுவலகத்தில் இல்லை. நான்காவது மட்டும் வேற்றுருக் கொண்டு வீற்றிருக்கின்றது. மேலாளரினும் பெரிய இறையாக ஆங்கிலம் அங்கே அரியணை ஏறியுள்ளது. தமிழன் அஞ்சுவது அவைக்கன்று, அந்த அரியணைக்கே.

அரியலூரைப் பாருங்கள். சுண்ணக்கல் விளையும் மண் அது. 1862-இல் பிளான்போர்டு என்னும் ஆங்கில நிலநூலறிஞர் இப்பகுதிப் பாறைப் படிவுகளை ஆய்ந்து, அவற்றுள் ஒரு தொகுதிக்கு அரியலூரின் பெயரையே இட்டார். ஆங்கிலேயனின் ஆய்வுக்கே தமிழூரின் பெயர் வேண்டியிருந்தது. அவ்வூர்ச் சிமிட்டித் தொழிற்சாலையிற் பணிபுரியும் தமிழனுக்கோ, தன் வேலையைத் தன் மொழியிற் சொன்னால் மதிப்புக் குறைந்துவிடுமாம்!

சுண்ணக்கல்லையும் களிமண்ணையும் அரைத்துக் கலந்து, சுழல்சூளையில் ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்திற் சுட்டு, கிடைக்கும் கட்டியோடு சிறிதளவு சிப்சம் சேர்த்துப் பொடித்தாற் சிமிட்டி. தொழில் முழுதும் ஒரு வரியில் அடங்கிற்று. எவ்விடத்தில் தமிழ் முடமாயிற்று? எந்தச் சொல் பொறிஞனுக்கு இழிவு தந்தது?

இது வெறும் மானச் சிக்கல் அன்று, உயிர்ச் சிக்கல். சுரங்கத்தில் வெடிவைக்கும் பொழுது மாறியதையும், தளர்ந்து தொங்கும் பாறையையும், சூளையருகே பழுதுற்ற பொறியையும் கண்டவன் உடனே சொல்லியாக வேண்டும். அரைகுறை ஆங்கிலத்தில் வரி தேடிக்கொண்டிருப்பவன் சொல்லாமலே விட்டுவிடுகின்றான். சொல்லப்படாத அச்செய்திக்கு மற்றொருவன் உயிரால் விலை தருகின்றான். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, அச்சட்டப்படி ஒட்டவேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, தொழிலாளருட் பெரும்பாலார்க்குப் புரியும் மொழியிலும் இருத்தல் வேண்டும் என்றது. சுவரில் ஒட்டும் தாளுக்கே அந்நெறி என்றால், வாய்திறந்து சொல்லும் சொல்லுக்கு வேண்டாவோ?

தொழிலிடத்தில் தமிழ்ப்பேச்சு என்ன செய்யும் என்பதை வரலாறு காட்டியுள்ளது. 1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளரிடையே வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தமிழிற் பேசினர். பெப்ரவரி இறுதியில் வேலைநிறுத்தம் எழுந்தது. மார்ச்சுத் தொடக்கத்தில் முதலாளிகள் இறங்கிவந்தனர். அப்பேச்சின் வலிமையை வெள்ளையன் நன்குணர்ந்தான். ஆதலின் இருவரையும் சிறைப்படுத்தினான். சிவாவின் பேச்சுக்குத் துணைநின்றார் என்பதும் வ.உ.சி. மேற் சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று. 1918-இற் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோதும், திரு.வி.க.வின் தமிழே ஆலைத் தொழிலாளர் நெஞ்சைத் தொட்டது. கூலியாளனைத் தலைநிமிரச் செய்த மொழி, மாதச் சம்பளக்காரனுக்கு மட்டும் கூச்சந் தருவதேன்?

வேலையிடப் பேச்சுக்குத் தமிழில் நெறியில்லை என்பாரும் உளர். அவர் திருக்குறளின் அடைவையேனும் புரட்டிப் பார்க்கட்டும். சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்னும் மூன்று அதிகாரங்களும் அமைச்சியலில் உள்ளன. வள்ளுவர் அவற்றைப் புலவர்க்கோ கூத்தர்க்கோ வகுக்கவில்லை; வினைபொறுப்பேற்ற அலுவலர்க்கு வகுத்தார். ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்குப் பணங்கட்டி வரிசையில் நிற்போர் வீட்டுப் பரணில் அந்நூல் தூசிபடிந்து கிடக்கின்றது.

நெறி எளியது. கேட்போர் யார், அவர்க்கு வேண்டுவது யாது, எவ்வளவு பொழுது தருவர் என முதலில் அறிக. நேர்ந்தது என்ன, அதன் கரணியம் யாது, செய்யவேண்டுவது என்ன, யார் எந்நாளுக்குள் செய்வது என்னும் நான்கையும் அம்முறையே கூறுக. எண்களைக் குறித்துக் கையில் வைத்துக்கொள்க. வரிகளை எழுதி ஒப்பியாதொழிக. முதல் வரியை மட்டும் நெஞ்சில் நிறுத்துக. முந்திய நாளே உடன்பணியாளர் இருவர்முன் உரக்கப் பேசிப் பார்க்க. தாளில் முகம் புதையாது, கேட்போர் முகம் நோக்குக. தெரியாததை வினவினால், "பார்த்து நாளை கூறுகின்றேன்" எனத் தயங்காது சொல்லுக. தாய்மொழியில் இவற்றைப் பத்துமுறை செய்தவன் பதினோராம் முறை அஞ்சான்.

தமிழறியாப் பொறிஞர் ஒருவர் இருந்தால் என்செய்வது? அவர்க்கு ஆங்கிலத்தில் விளக்குக. அதனைக் கற்பதையும் எவரும் தடுக்கவில்லை. ஒருவர்பொருட்டு நாற்பதின்மர் வாய்மூடியிருப்பதுதான் அடிமைத்தனம்.

தமிழ்ப்பற்றாளர்க்கும் இங்கொரு சுடுசொல் உண்டு. மாலையில் மேடையேறி அடுக்குமொழியால் முழங்குவோர், காலையில் அலுவலகக் கூட்டக் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். 1956-இலேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதனைச் செயலில் நிறுத்த வேண்டியவர் கோப்பின்முன் அமர்ந்திருக்கும் இவர்களே. அடுக்குமொழியால் ஆய்வுக் கூட்டத்தை நடத்தவியலாது. அங்கே வேண்டுவது அளந்த சொல், தெளிந்த எண், துணிந்த முடிவு. அவற்றைத் தமிழிற் காட்டாதவரை, தமிழ் கொண்டாட்டத்திற்கு மட்டுமே உரிய மொழி என்னும் பழி நீங்காது.

அலுவலகத்தில் தொடங்கும் இவ்வூமைத்தனம் உழவனையும் வீழ்த்துகின்றது. பெரம்பலூர் ஆட்சியரகத்தின் உழவர் குறைதீர் கூட்டத்தில், சின்ன வெங்காயம் அழுகிய இழப்பைச் சொல்ல வந்தவன், அலுவலர் வாயில் ஆங்கிலச் சொற்கள் உதிரக் கேட்டால் என்ன செய்வான்? சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிட்டுத் திரும்புவான். சுண்ணக்கற் சுரங்கத்திற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்திலும் இதுவே கேடு. அக்கூட்ட நடவடிக்கைச் சுருக்கத்தை இறுதியில் மக்கள் மொழியில் விளக்குதல் வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் நெறி. விளக்குமாறு எழுந்து கேட்பவன் வேண்டும். எழுந்து பேசாதவன் கருத்து அவ்வேட்டில் ஏறாது. அவன் நிலம் மட்டும் ஏறிவிடும்.

அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூரிற் பிறந்த சின்னசாமி, இந்தித் திணிப்பை எதிர்த்து 1964 சனவரி 25-இல் திருச்சிராப்பள்ளித் தொடர்வண்டி நிலையத்தின் முன் தீக்கிரையானார். அவர் இழந்தது உயிர். இன்று தமிழ் எவருயிரையும் கேட்கவில்லை. நாளைக் காலைக் கூட்டத்தில் எழுந்து நின்று, கண்டதைக் கண்டபடி சொல்லும் பத்து வரிகளையே கேட்கின்றது. அதனையும் தர மறுப்பவன் தமிழ் வாழ்க என முழங்குவதிற் பொருளில்லை.

தமிழன் எழுக! தன் வேலையைத் தன் மொழியிற் பேசுக!