தரத்தைத் தள்ளிப்போடும் வேகம்

“முதலில் வெளியிடுவோம், குறைகளை அடுத்த ஸ்பிரின்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்.” சிங்கப்பூரில் சாங்கி பிசினஸ் பார்க் முதல் ஒன்-நார்த் வரை மென்பொருள் அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. மென்பொருளைச் சிறு சுற்றுகளில் உருவாக்கும் அஜைல் முறை என்றால் வேகம், வேகம் வேண்டுமென்றால் தரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்ற நம்பிக்கை இதன் அடியில் கிடக்கிறது. அந்த நம்பிக்கை தவறு. அதன் விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அந்த அலுவலகங்களுக்கு வெளியே இருக்கிறார்கள்.

ஸ்பிரின்ட் எனப்படும் இரண்டு வார வேலைச் சுற்று பல இடங்களில் எப்படி நடக்கிறது? முதல் வாரம் வேலைகளைக் குறிக்கும் டிக்கெட்டுகள் அசைவதே இல்லை. இரண்டாவது வியாழக்கிழமை மாலை பாதி டிக்கெட்டுகள் ஒன்றாக டெஸ்டரின் தலையில் விழும். மறுநாள் டெமோ. நிரல் எழுதியவருக்குத் தன் லேப்டாப்பில் ஓடினால் வேலை முடிந்தது. டெஸ்டருக்கு முக்கியமான நாலு வழிகளைச் சோதித்துவிட்டால் முடிந்தது. மேலாளருக்கோ டிக்கெட் கடைசிக் கட்டத்துக்கு நகர்ந்தாலே போதும். ஒரு சர்வர் விழுந்தால் மாற்று சர்வர் எழுமா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அது யாருடைய டிக்கெட்டிலும் இல்லை.

மாற்று எழாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு நாள் காட்டியது: 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் நான்கு வாரம். பிற்பகலில் டிபிஎஸ், சிட்டிபேங்க் வங்கிகளின் சேவைகள் முடங்கின. தரவு மையம் ஒன்றில் குளிரூட்டும் அமைப்பை மேம்படுத்தும்போது நேர்ந்த தவறால் சூடு ஏறியது. இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே மாற்று மையம் இருந்தது. ஆனால் நெட்வொர்க் அமைப்பில் இருந்த ஒரு பிழையால் டிபிஎஸ் அங்கே முழுமையாக மாற முடியவில்லை. இரு வங்கிகளிலும் சுமார் 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை என்று பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. சிராங்கூன் சாலையில் கல்லாவுக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை வைக்காத கடை அரிது. தமிழ் ஊழியர்கள் பலரின் சம்பளம் விழுவது டிபிஎஸ் நடத்தும் பிஓஎஸ்பி கணக்கில்தான். வாரக் கடைசிச் சாமானும் ஊருக்கு அனுப்பும் பணமும் அந்தக் கணக்கை நம்பியே இருக்கின்றன.

அந்த ஆண்டு மார்ச் முதல் அக்டோபர் வரை டிபிஎஸ் சேவை ஐந்து முறை தடைப்பட்டது. மார்ச் தடங்கலுக்கு மென்பொருள் பிழை காரணம். மே மாதத் தடங்கலுக்குப் பராமரிப்பு நிரலை எழுதியதில் நேர்ந்த மனிதத் தவறு. நவம்பர் 1 அன்று சிங்கப்பூர் நாணய ஆணையம், டிபிஎஸ் வங்கியின் அவசியமில்லாத தகவல் தொழில்நுட்ப மாற்றங்களை ஆறு மாதம் நிறுத்திவைக்க உத்தரவிட்டது. இந்தத் தடங்கல்களை அஜைல் முறையின் மேல் போட முடியாது. ஆனால் நிலைத்தன்மை குலைந்தால் வேகமும் கையைவிட்டுப் போகும் என்பதை அந்த ஆறு மாதம் எல்லாருக்கும் காட்டியது.

அப்படியானால் மெதுவாகப் போவதே மேல் என்பார்கள் சிலர். அதுவும் சரியில்லை. நிக்கோல் ஃபோர்ஸ்கிரென், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் மூவரும் 2018இல் வெளியிட்ட ‘ஆக்சிலரேட்’ நூலின் ஆய்வில், அடிக்கடி ரிலீஸ் செய்யும் குழுக்களே குறைவாகத் தடுக்கின, விழுந்தாலும் சீக்கிரம் எழுந்தன. மாற்றம் சிறியதாக இருந்தால் சோதிப்பது எளிது. எது உடைத்தது என்று கண்டுபிடிப்பதும் பழைய நிலைக்குத் திரும்புவதும் எளிது. தரம் வேகத்தைத் தின்னவில்லை, தாங்குகிறது.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடி அஜைல் அறிக்கையை எழுதிய 17 பேருக்கும் இது தெரிந்திருந்தது. எவ்வளவு காலமானாலும் தளராமல் தொடரக்கூடிய சீரான வேகத்தையும், தொழில்நுட்ப நேர்த்தியில் இடைவிடாத கவனத்தையும் அவர்கள் ஒரே பட்டியலில் வைத்தார்கள். அந்தப் பதினேழு பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், வேலையின் பருமனை மதிப்பிடும் அலகான ஸ்டோரி பாயிண்ட்டைத் தான் கண்டுபிடித்திருந்தால் அதற்காக இப்போது வருந்துவதாகப் பின்னாளில் எழுதினார். ஒரே தயாரிப்பில் பல குழுக்கள் வேலை செய்தால், வேலை முடிந்ததற்கான வரையறை அனைவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் கையேடு. கட்டணப் பகுதியை எழுதும் குழுவும் சர்வர்களைப் பார்க்கும் குழுவும் ஒரே வரையறையில் கையெழுத்திட்டால், மாற்று மையத்துக்கு மாறிப் பார்ப்பது யாரோ ஒருவரின் டிக்கெட்டாக இருந்தே தீரும்.

இதை மேலிடம் தொடங்கிவைக்க வேண்டும். எத்தனை பாயிண்ட் முடித்தீர்கள் என்று கேட்கும் மேலாளருக்குப் பாயிண்ட்தான் கிடைக்கும். கடந்த மாத ரிலீஸ்களில் எத்தனையைத் திரும்பப் பெற்றோம், விழுந்த சேவை எழ எத்தனை மணி நேரம் ஆனது, மாற்று மையத்தைக் கடைசியாக எப்போது சோதித்தோம் என்று ஒவ்வொரு ஸ்பிரின்ட் ரிவ்யூவிலும் கேட்கத் தொடங்கட்டும்.