மொட்டைக் கடுதாசிக்கு மேடையை மூடலாமா?

பொத்தேரி, செப்.–

செங்கல்பட்டு மின்சார ரயில் பொத்தேரியில் நின்றால் போதும், பெட்டி பாதி காலி! முதுகில் பை, காதில் பாட்டு என்று இறங்கும் கூட்டம் நேரே காட்டாங்கொளத்தூர் வளாகத்துக்குள் போகிறது.

இந்தப் பிள்ளைகளுக்கு ஓட்டு உண்டு. 1989-ல் ஓட்டு வயதை 21-லிருந்து 18 ஆக்கினார்கள். நாட்டை ஆளுவது யார் என்று முடிவு செய்யலாம். ஆனால் கல்லூரிக்கு யாரைப் பேசக் கூப்பிடலாம் என்றால் மட்டும் 'நீ சின்னப் பையன், சும்மா இரு' என்கிறார்கள். இது என்ன கணக்கு?

சினிமா நட்சத்திரம் வந்தால் எந்தக் கல்லூரியிலும் தோரணம். அரசியல், சாதி என்று ஒருவர் வாயைத் திறந்தால்தான் வம்பு.

கிண்டியில் நடந்தது

2015 ஏப்ரலில் அம்பேத்கர் பிறந்தநாளுக்கு சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர்–பெரியார் படிப்பு வட்ட மாணவர்கள் கூட்டம் போட்டார்கள். பேச வந்தவர் குப்பம் திராவிடப் பல்கலைக்கழகப் பேராசிரியர். பேச்சு துண்டறிக்கையாகவும் வந்தது.

உடனே டெல்லிக்குப் பறந்தது ஒரு மொட்டைக் கடுதாசி! 'பிரதமருக்கு எதிராகப் பேசுகிறார்கள், வெறுப்பைக் கிளப்புகிறார்கள்' என்று புகார். மத்திய மனிதவள அமைச்சகம் ஐ.ஐ.டி.யிடம் விளக்கம் கேட்டது. மே 22-ந்தேதி வட்டத்தின் அங்கீகாரம் ரத்து! 'எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே' என்று மாணவர்கள் குமுறினார்கள். ஊரெல்லாம் ஆர்ப்பாட்டம். ஜூன் 7-ந்தேதி அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

பக்கத்து வீட்டுக்காரர் மீது புகார் கொடுக்கப் போனால் கூட ஏட்டையா முதலில் கேட்பது பெயர், விலாசம், கையெழுத்து. லஞ்சப் புகாருக்கே பெயரில்லாத கடிதத்தை எடுக்கக் கூடாது என்று மத்திய விஜிலென்ஸ் கமிஷன் 1999-ல் உத்தரவு போட்டது. குமாஸ்தாவுக்கு உள்ள அந்தப் பாதுகாப்பு மாணவனுக்குக் கிடையாதா?

கேள்வி கேட்ட ஆசிரியர்

'கண்டவனும் வந்து கண்டதைப் பேசினால் பிள்ளைகள் கெட்டுப் போகாதா?' என்று கேட்கலாம். நியாயமான பயம்தான். கடன் வாங்கி ஃபீஸ் கட்டும் அப்பாவுக்கு, மகன் கேஸ் கீஸ் என்று மாட்டினால் நெஞ்சு வெடித்து விடும்.

பேச்சில் கோளாறே வராது என்று யாரும் சொல்லவில்லை. 2024 ஆகஸ்டில் சென்னை அசோக்நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் மகாவிஷ்ணு என்ற பேச்சாளர், ஊனத்துக்கும் வறுமைக்கும் முற்பிறவிப் பாவம்தான் காரணம் என்கிற ரீதியில் அளந்தார். பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்தார். மாணவிகள் முன்னாலேயே கேட்டார் பாருங்கள் கேள்வி! பேச்சாளர் பிறகு கைதானார். போலீஸ், வழக்கு எல்லாம் வந்தது. ஆனால் அந்த ஆசிரியர் அங்கேயே பதில் கொடுத்து விட்டார். தன் முகத்தைக் காட்டிக் கொடுத்தார்.

2019 மார்ச்சில் ஸ்டெல்லா மேரிஸ் கல்லூரிக்கு ராகுல் காந்தி வந்தபோதும், மாணவி ஒருத்தி அவருடைய மைத்துனர் வதேரா விவகாரத்தையே நேருக்கு நேர் கேட்டாள். அவரும் பதில் சொன்னார். கூட்டம் எப்படி நடந்தது என்று கல்லூரிக் கல்வித் துறை விசாரணை கிளப்பியது தனிக் கதை. தேர்தல் நேரம், விதி என்றார்கள். சரி, விதி இருந்தால் அதை எல்லாக் கட்சிக்கும் ஒரே மாதிரி முன்கூட்டியே எழுதி ஒட்டட்டும். பேச்சு முடிந்த பிறகு எதற்கு நோட்டீஸ்?

பொத்தேரியோ கிண்டியோ, புகார் வந்தால் கையெழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். கூட்டம் போட்ட பையனைக் கூப்பிட்டு 'என்னப்பா நடந்தது?' என்று விசாரிக்கட்டும். 2015-ல் அந்த ஒரு வார்த்தை கேட்டிருந்தால் 16 நாள் ரகளை மிச்சம்!