பசியில் கடிக்காத மீன்

திண்டிவனம் பக்கத்து ஏரிக்கரைகளுக்குப் புதிதாகத் தூண்டிலோடு வரும் தம்பிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அண்ணே, வெராலுக்கு எந்த லூர் நல்லா அடிக்கும்?" பத்து வருஷமாக இதற்குச் சளைக்காமல் பதில் சொல்லி வந்திருக்கிறேன். இப்போதெல்லாம் உடனே சொல்வதில்லை. பதிலுக்கு நான் ஒன்று கேட்கிறேன்: அந்த மீன் உன் லூரை எதுக்குக் கடிக்குதுன்னு தெரியுமா?

"பசிக்குத்தாண்ணே" என்பார்கள். பாதி நேரம் அது சரி. மீதி நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்த மீதி நேரத்தில் நாம் செய்வதை இனி செய்யக் கூடாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்களில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதலில் லூர் சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தூண்டிலே தொடாதவன் வந்து உபதேசம் பண்ணுகிறான் என்பீர்கள். நம்ம பக்கத்து ஏரிகளில் விரால் கிடப்பது ஓரத்தில்: ஆகாயத்தாமரை, அல்லி, கோரை, தண்ணீரில் மூழ்கிய வேலிக்காத்தான் முள். முள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் லூரை அங்கே வீசினால் முதல் இழுப்பிலேயே செடியில் மாட்டும். அதனால்தான் ரப்பர் தவளை. உள்ளே வெறும் காற்று. இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேலே பார்த்தபடி இருக்கும். செடிமேல் வழுக்கிக்கொண்டே வரும். மீன் கவ்வி அமுக்கினால்தான் முள் வெளியே வரும். வீடூர் அணை மாதிரி திறந்த நீரில் ஸ்பூனும் ஸ்பின்னரும் எடுபடும். கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பு நிறம் நல்லது. அடியிலிருந்து வானத்தை அண்ணாந்து பார்க்கும் மீனுக்குக் கறுத்த உருவம்தான் துலக்கமாகத் தெரியும். தெளிந்த தண்ணீருக்குப் பச்சையும் பழுப்பும். தவளையைக் கவ்வியவுடனே சுண்டக் கூடாது. ஒண்ணு, ரெண்டு எண்ணி, நரம்பு இறுகிய பிறகுதான் சுண்ட வேண்டும்.

நான் லூருக்கு எதிரி இல்லை. என் சின்ன வயசில் விராலுக்கு உயிர்த் தவளைதான் இரை. முதுகுத் தோலில் முள்ளைக் குத்தித் தண்ணீரில் விட்டால், அது மணிக்கணக்கில் உதைத்துக்கொண்டு கிடக்கும். ஒரு காலையில் பத்துத் தவளை தீர்ந்துபோகும். தவளைக்கால் ஏற்றுமதியை 1987லேயே அரசு நிறுத்திவிட்டது. ஏரிக்கரையில் நாங்கள் நிறுத்தவில்லை. ரப்பர் தவளை வந்து அதைப் பெருமளவு நிறுத்தியது. அந்த வகையில் லூர் நமக்கு நல்லதே செய்திருக்கிறது.

ஆனால் மண்புழுவுக்கும் மைதா உருண்டைக்கும் இல்லாத ஒரு குணம் லூருக்கு உண்டு. மண்புழுவைப் பசித்த மீன்தான் தேடி வரும். கெளுத்திக்குப் பசி இல்லையென்றால் தக்கை அசையாது, நாம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். லூர் அப்படி இல்லை. அது மீனின் வீட்டுக்குள்ளேயே போகும். மூக்குக்கு முன்னால் ஆடும், போய்த் திரும்பி வரும், சீண்டும். பசியே இல்லாத மீனையும் கடிக்க வைக்கும். விராலை அப்படிக் கடிக்க வைக்க ஒரு நிச்சயமான நேரம் இருக்கிறது. குஞ்சோடு இருக்கும் நேரம்.

விரால் காற்றைக் குடிக்கும் மீன். செவுளை மட்டும் நம்பி அதனால் வாழ முடியாது; அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துக்கொண்டு போகும். ஆண்டு முழுக்கக் கொஞ்சம் இனப்பெருக்கம் இருந்தாலும் மழைக்காலம்தான் அதற்கு உச்சம். ஏரி நிறைந்து, புல்லும் செடியும் முழுகியதும், ஜோடி சேர்ந்து செடிகளுக்கு நடுவே ஓர் இடத்தை ஒதுக்கி முட்டையிடும். முட்டை மிதக்கும். ஓரிரண்டு நாளில் பொரியும். பொரிந்த குஞ்சுகள் சில நாளில் செங்காவி நிறத்துக்கு வந்து ஒரே பந்தாகத் திரியும். அவையும் காற்றுக்காக அடிக்கடி மேலே வரும். அப்போது பார்த்தால், மழையே இல்லாத நேரத்தில் அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுகிற மாதிரி நீர் புள்ளி புள்ளியாகத் துடிக்கும். அதற்கு நேர் கீழேயோ ஓரடி தள்ளியோ காவல் இருக்கும். ஊரில் தாய்மீன் என்று சொன்னாலும் தகப்பனும் காவல் காக்கும். குஞ்சு தானாகப் பிழைத்துக்கொள்ளும்வரை வாரக்கணக்கில் இந்தக் காவல் நீளும்.

இந்தத் தூறலைத் தேடித்தான் நம் ஆட்கள் கரையில் நடக்கிறார்கள். கண்டுபிடித்ததும் நாலடி தள்ளி லூரை வீசி, குஞ்சுப் பந்தின் நடுவே இழுக்கிறார்கள். ஒருமுறை, இரண்டுமுறை, பத்துமுறை. குஞ்சைத் தின்ன ஏதோ வருகிறது என்று நினைத்துப் பெரியது பாயும். அந்தப் பாய்ச்சலைத்தான் "செம்ம அடி" என்கிறார்கள். அது அடி இல்லை. நம் வீட்டுக் கைக்குழந்தையின் தொட்டில் பக்கம் பாம்பு வந்தால் நாம் என்ன செய்வோமோ அதைத்தான் அந்த மீன் செய்கிறது.

இதை வேடிக்கை பார்த்தவனாகச் சொல்லவில்லை. செய்தவனாகச் சொல்கிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை. ஊரெல்லாம் சேறு, பயிரெல்லாம் அழுகல். ஏரிகள் மட்டும் கழுத்துவரை நிறைந்து கிடந்தன. இரண்டு மூன்று வாரம் கழித்து, தண்ணீர் தெளியத் தொடங்கியபோது, திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் ஓர் ஏரிக்குப் போனேன். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் நாளைக்கே பத்து பைக் போய் நிற்கும். கரையோரம் தூறல் தெரிந்தது. கறுப்புத் தவளையை வீசினேன். ஏழாவது வீச்சில் தூக்கியது. ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது.

படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். மீனைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். "குஞ்சோட இருந்ததைத் தூக்கிட்டியே தம்பி. அங்க பாரு" என்றார். பார்த்தேன். செங்காவிப் பந்து கலைந்து கரையோரமாகச் சிதறிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் தண்ணீர் சளக் சளக்கென்று கிழிந்தது. ஜிலேபிக் கெண்டைகள். ஐந்து நிமிஷம் பார்த்திருப்பேன். பிறகு பார்க்க முடியவில்லை. அன்றைக்குக் குழம்பு வைத்தோம், ருசியாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அந்த முறை மட்டும் இல்லை. அதற்கு முன்னால் எத்தனை மழைக்காலம் இப்படிச் செய்தேன் என்று எண்ணிப் பார்த்து நிறுத்திவிட்டேன்.

இந்த வித்தையை நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பெரும்பாலும் வீடியோக்கள். அவற்றில் கொஞ்சம் அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் விராலின் இனத்தைச் சேர்ந்த, சீனப் பக்கத்து வடக்கத்தி விரால் ஒன்று 2002ல் மேரிலாந்து மாநிலத்தின் கிராஃப்டன் ஊர்க் குட்டையில் அகப்பட்டது. யாரோ கொண்டுவந்து விட்டது. பிறகு பொட்டோமாக் ஆற்றில் பெருகியது. அவர்களுக்கு அது வந்தேறி. சொந்த மீனைத் தின்று தீர்த்துவிடும் என்ற பயத்தில், பிடித்தால் திருப்பி விடாதே, கொன்றுவிடு என்கிறது அவர்கள் அரசு. அங்கே குஞ்சோடு இருப்பதைப் பார்த்து அடிப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே விரால் வந்தேறி இல்லை, நம் ஏரியின் சொந்தக்காரன். அவர்கள் ஒழிப்பதற்குப் பயன்படுத்தும் முறையை நாம் விளையாட்டாகக் கற்றுக்கொண்டோம்.

அதே அமெரிக்காவில் தன் சொந்த மீனை எப்படி நடத்துகிறார்கள்? மினசோட்டாவில் வால்ஐ என்றொரு மீன். இருட்டில் பூனைக்கண் மாதிரி மின்னும் கண். குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் நடந்துபோய், பனிக்கட்டியில் துளை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பிடிக்கிறார்கள். எந்த லூர், எந்த நிறம், எவ்வளவு மெதுவாக ஆட்ட வேண்டும் என்று நம்மைவிடப் பத்து மடங்கு பேசுகிறவர்கள். ஆனால் மாநிலத்தின் உள்ளூர் ஏரிகளில் பிப்ரவரிக் கடைசியில் வால்ஐ பிடிப்பதை மூடிவிடுவார்கள். மே நடுவில்தான் மறுபடி திறப்பார்கள். நடுவில் அது முட்டையிடும் காலம். இத்தனைக்கும் வால்ஐ குஞ்சைக் காவல் காக்கிற மீன்கூட இல்லை. கூழாங்கல் மேல் முட்டையைத் தூவிவிட்டுப் போய்விடும். அதற்கே இவ்வளவு மரியாதை. நாம் அவர்கள் பேசும் லூர், ரீல், வீடியோ எல்லாம் வாங்கிக்கொண்டோம். மூடுகாலத்தை மட்டும் வாங்கவில்லை.

அமெரிக்காவரைக்கும்கூடப் போக வேண்டாம். நம் மரக்காணம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கடலில் பிழைக்கிறவர் வருமானத்தை விட்டு இரண்டு மாதம் உட்காருகிறார். அங்கிருந்து அரைமணி நேரம் உள்ளே வந்தால், மாதச் சம்பளம் வாங்குகிற நாம் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்கு ஒரு மழைக்காலத்தை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்கிறோம். இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இனி என்னிடம் சொல்லப்படும் பதில்கள்.

"குத்தகைக்காரன் வலை போட்டு ஏரியையே வழிச்சிட்டுப் போறான். நான் ஒரு மீன் புடிச்சா குத்தமா?" குத்தகைக்காரர் பணம் கட்டி எடுத்தவர். பெரும்பாலும் கோடையில் தண்ணீர் சுண்டிய பிறகுதான் வழிக்கிறார். அதற்குள் மழைக்காலக் குஞ்சு வளர்ந்து தன்பாட்டுக்குப் போயிருக்கும். நீ எடுப்பது ஒரு மீன் இல்லை. அந்த ஒரு மீனை நம்பி நிற்கும் நூற்றுக்கணக்கான குஞ்சையும் சேர்த்து. அவர் செய்வதில் குறை இருக்கலாம், அதற்குத் தனியாகச் சண்டை போடலாம். உன் கணக்கு அதில் கழியாது.

"நான் புடிச்சு விட்டுடுவேன்." இதுதான் படித்தவர்களின் பதில், எனக்கு அதிகம் எரிச்சல் தருவதும் இதுதான். முள்ளைக் கழற்ற, படம் எடுக்க, எடை பார்க்க எத்தனை நிமிஷம்? ஜிலேபிக்கு அத்தனை நிமிஷம்கூட வேண்டாம். விடப்பட்ட மீன் நேராகக் குஞ்சிடம் போய்ச் சேரும் என்பதும் நம் ஆசைதான். பெரும்பாணாற்றுப்படையில் ஒரு காட்சி உண்டு: தூண்டில் இரையைக் கவ்விவிட்டுத் தப்பிய வாளைமீன், நீரோரத்துப் பிரம்பின் நிழல் ஆடுவதைப் பார்த்தே மிரள்கிறது. எழுதிய உருத்திரங்கண்ணனார் ஏதோ ஒரு கரையில் நின்று பார்த்திருக்க வேண்டும். வாயில் முள் குத்தி இழுபட்ட மீன் பழைய மீன் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கு இன்னும் தெரியவில்லை.

"விரால் தன் குஞ்சையே தின்னும்ணே." சில நேரம் தின்னும். அதனால் என்ன? வாரக்கணக்கில் பட்டினியும் பாதியுமாகக் காவல் நிற்பதும் அதே மீன்தான்.

வீட்டுச் செலவுக்கு மீன் பிடிக்கிறவரை நான் பேசவில்லை. மண்புழுவும் மூங்கில் கழியும் வைத்துக் காலையில் கால் படி கெண்டை பிடித்துக்கொண்டு போகிற அம்மாவிடம் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அவர் மீனின் பசியோடு தன் பசியை வைத்துப் பேசுகிறார். நம்மிடம் இருப்பது ஐயாயிரம் ரூபாய் ராடும், தோற்றால் ஒன்றும் குறையாத வாழ்க்கையும். விதி வேண்டியது நமக்குத்தான்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நான் கடைப்பிடிப்பது இவ்வளவுதான். அக்டோபரிலிருந்து ஜனவரி முடியும்வரை விராலுக்குத் தவளை வீசுவதில்லை. மற்ற மாதங்களிலும், வீசுமுன் ஐந்து நிமிஷம் சும்மா நின்று தண்ணீரைப் பார்ப்பேன். தூறல் தெரிந்தால் அந்தப் பக்கமே விட்டுவிட்டு நடப்பேன். லூரில் முள்ளின் எதிர்முனையைக் குறடால் நசுக்கிவிடுவேன். மாட்டினாலும் சுளுவாகக் கழலும். மீன் குறைவாகத்தான் கிடைக்கிறது. சில ஞாயிறு வெறுங்கையோடு வருகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி வந்தான். பெட்டி நிறைய லூர். வழக்கமான கேள்வி. இரண்டு பேரும் கரையில் நின்றோம். இருபதடி தள்ளி அல்லிக் கொடிகளுக்கு நடுவே தண்ணீர் துடித்துக்கொண்டிருந்தது. அவன் கை ரீலுக்குப் போனது. "இப்ப எந்த லூரும் வேணாம்டா, சும்மா பாரு" என்றேன். கொஞ்ச நேரத்தில் கறுத்த முதுகு ஒன்று மெல்ல மேலே வந்து, ஒரு வாய் காற்று எடுத்து, அதே இடத்தில் இறங்கியது. "எவ்ளோ பெருசுண்ணே!" என்றான். ராடைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தான். பிறகு அதையும் சட்டைப்பையில் போட்டுவிட்டு, அது அடுத்து எப்போது மேலே வரும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.