பயிற்றுநர் யார்? – பிழையாகக் கேட்கப்படும் ஒரு வினா

2017ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20ஆம் திகதி தம்புள்ளை ரங்கிரி சர்வதேச விளையாட்டரங்கில் இந்திய அணிக்கும் இலங்கை அணிக்கும் இடையே ஒருநாட் போட்டியொன்று நடைபெற்றது. ஒரேயொரு விக்கெட்டை இழந்து 139 ஓட்டங்களை எட்டியிருந்த இலங்கை அணி, 216 ஓட்டங்களுடன் முற்றாகச் சுருண்டது. ஷிகார் தவான் ஆட்டமிழக்காது 132 ஓட்டங்கள் குவிக்க, இந்திய அணி ஒன்பது விக்கெட்டுகளால் எளிதில் வென்றது. ஆட்டம் முடிந்து வீரர்கள் ஏறிச் சென்ற பேருந்தை அரங்கின் வெளியே ரசிகர் கூட்டமொன்று வழிமறித்துக் கூச்சலிட்டது. பொலிசார் தலையிட்ட பின்னரே அப்பேருந்து நகர முடிந்தது.

இத்தகைய தோல்வி நேரும்போதெல்லாம் இந்நாட்டில் ஒரு வினா தவறாது எழுகின்றது: அடுத்த பயிற்றுநர் யார்? தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் விடியுமுன் மரக்கறி மூட்டை இறக்குவோர் முதல் பல்கலைக்கழக விடுதி மாணவர் வரை அனைவரிடமும் இதற்கு விடையுண்டு. ஒருவர் அவுஸ்திரேலியரே வேண்டும் என்பார். மற்றவர் நம் மண்ணின் மைந்தனே வேண்டும் என்பார். வேறொருவர் ஓய்வுபெற்ற நட்சத்திர வீரர் ஒருவரின் பெயரை மொழிந்து, அவர் வந்தாலன்றி விமோசனம் இல்லையென அறுதியிட்டுக் கூறுவார். பெயர்கள் மாறுகின்றன, விவாதம் மாறவில்லை. இவ்விவாதத்தில் எப்பெயர் சரியானது என்பதன்று இங்கு எழும் பிரச்சினை. வினாவே பிழையானது என்பதும், அப்பிழையான வினா யாருக்கு வசதியாக இருக்கின்றது என்பதுமே ஆராயப்பட வேண்டியவை.

முதலில் ஒரு மயக்கத்தைக் களைதல் அவசியம். ரசிகன் எதனையும் அறியாதவன், துறைபோனவர்களிடம் விட்டுவிட்டு அவன் வாய்மூடி இருத்தல் வேண்டும் எனக் கூறுவோர் உளர். அக்கூற்று ஏற்புடையதன்று. தேசிய அணி தேசத்தின் பெயரால் ஆடுகின்றது. அரங்கை நிரப்புபவன் ரசிகன். ஒளிபரப்பு உரிமைக்கு விலை கிடைப்பதும் அவன் பார்ப்பதனாலேயே. அவனுக்குக் கேட்கும் உரிமையுண்டு. ஆனால் உரிமையுள்ளவன் கேட்கும் வினா, பதிலளிக்க வேண்டியவரைத் தப்பவிடும் வினாவாக அமையுமாயின் அவ்வுரிமையால் விளையும் பயன் யாது?

அண்மைக்கால வரலாற்றை நோக்குவோம். 2011 ஏப்ரல் 2ஆம் திகதி மும்பையில் உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கை அணி தோற்றபோது ட்ரெவர் பெய்லிஸ் பயிற்றுநராக இருந்தார். அவர் விலகியதிலிருந்து 2018 ஜனவரி வரையான ஏழு ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், தற்காலிகமாக அமர்ந்தோரையும் சேர்த்து, எட்டுப் பேருக்குக் குறையாதோர் அந்த ஆசனத்தில் அமர்ந்து எழுந்தனர். 2011 செப்டெம்பரில் நியமிக்கப்பட்ட ஜெப் மார்ஷ் 2012 ஜனவரியில் நீக்கப்பட்டார். கிரகம் போர்ட் 2014இல் விலகினார். 2016இல் மீண்டும் அழைக்கப்பட்டார். 2017இல் மீண்டும் விலகினார். 2014 ஏப்ரலில் டாக்காவில் இருபது ஓவர் உலகக் கிண்ணம் வெல்லப்பட்டபோது பயிற்றுநராக இருந்தவர் போல் பார்பிரேஸ். தெருவோர விவாதங்களில் அவர் பெயரை உரத்து முழங்கியோர் அரிது. கிண்ணம் வென்ற அதே மாதத்தில் அவர் இங்கிலாந்து அணியின் துணைப் பயிற்றுநராகச் சென்றுவிட்டார்.

சந்திக ஹத்துருசிங்கவின் கதை இவற்றினும் படிப்பினை மிக்கது. 2010இல் இலங்கைப் பயிற்றுநர் குழாத்திலிருந்து நீக்கப்பட்டவர் அவர். 2014 முதல் பங்களாதேஷ் அணியைப் பயிற்றுவித்து அதனை மதிக்கத்தக்க அணியாக்கினார். உடனே இங்கே அவரை அழைத்துவர வேண்டுமென்ற குரல் ஓங்கிற்று. 2017 இறுதியில் மீட்பரை வரவேற்பதுபோல் அவர் அழைத்துவரப்பட்டார். 2019 உலகக் கிண்ணத்தின் பின்னர், ஒப்பந்தக் காலம் முடியுமுன்னரே அகற்றப்பட்டார். 2010இல் வேண்டாதவராகி, 2017இல் மீட்பராகி, 2019இல் மீண்டும் வேண்டாதவரானது ஒரே மனிதரே. ஒன்பதாண்டுகளுள் மும்முறை அவருடைய அறிவு மாறிற்றா? அவரைச் சூழ்ந்திருந்த நிருவாகத்தின் மனம் மாறிற்றா?

உள்நாட்டவரா வெளிநாட்டவரா என்ற வாதமும் இவ்வாறே பொருளற்றது. 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் உலகக் கிண்ணம் வென்ற அணியின் பயிற்றுநர் டேவ் வட்மோர் கொழும்பிற் பிறந்தவர்; அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர்; அந்நாட்டுக்காக ஏழு டெஸ்ட் போட்டிகளில் ஆடியவர். அவரை எந்தக் கட்சியில் சேர்ப்பது? மேலும் அவர் பொறுப்பேற்றது 1995இலேயாகும். அன்று அணித்தலைவராக இருந்த அர்ஜுன ரணதுங்க 1982இல் இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டியிலேயே பாடசாலை மாணவனாக ஆடியவர். பதினான்கு ஆண்டுகள் பக்குவப்பட்ட ஓர் அணிக்கு வட்மோர் இறுதி மெருகூட்டினார் எனலாம். அவரது பங்கு சிறிதன்று. எனினும் அது வித்திட்டவனின் பங்குமன்று.

அவ்வாறாயின் வித்திட்டவர் யார்? முத்தையா முரளிதரன் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் மித வேகப் பந்துவீச்சாளராகவே தொடங்கினார். பதினான்காம் வயதில் அவரைச் சுழற்பந்து வீச்சுக்கு மாறும்படி கூறியவர் பாடசாலைப் பயிற்றுநரான சுனில் பெர்னாண்டோ. டெஸ்ட் வரலாற்றில் 800 விக்கெட்டுகள் என்ற எவராலும் எட்டப்படாத எண்ணின் தொடக்கம் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கின்றது. அப்பாடசாலைப் பயிற்றுநர் பதவிக்கு யாரை நியமிக்க வேண்டுமென்று நாடு விவாதித்ததா? எந்தச் சந்தியில் எவர் அவர் பெயரை மொழிந்தார்? இலங்கைக் கிரிக்கெட் வரலாற்றின் மிகப் பயன்விளைத்த பயிற்சி முடிவுகளுள் ஒன்று, எவரும் கவனியாத ஒரு மைதானத்திலேதான் எடுக்கப்பட்டது.

தம்புள்ளைச் சந்தை வியாபாரிக்கு இவ்வுண்மை புதிதன்று. போஞ்சியோ கத்தரியோ வாடி வந்தால் அவர் தராசு பிடித்தவனை மாற்றுவதில்லை. எந்த மண்ணில் விளைந்தது, எவ்வாறு மூட்டை கட்டப்பட்டது, எத்தனை மணிநேரம் லொறியிற் கிடந்தது என்றுதான் விசாரிப்பார். அவரே மாலையில் ஆட்டம் பார்க்க அமர்ந்ததும், தராசு பிடித்தவனை மாற்றினாற் போதும் என்று பேசத் தொடங்குகிறார். தொழிலில் உள்ள நிதானம் விளையாட்டில் அவரைக் கைவிட்டு விடுகின்றது.

தம்புள்ளை அரங்கே இதற்கு ஒரு கற்சாட்சி. 167 நாட்களில் அது கட்டி முடிக்கப்பட்டதெனப் பெருமையுடன் கூறுவர். 2001 மார்ச்சில் இங்கிலாந்துடனான ஒருநாட் போட்டி அங்கே நடந்தேறியது. 2010இல் ஆசியக் கிண்ணத் தொடர் முழுவதும் அங்கேயே ஆடப்பட்டது. சீமெந்தையும் கம்பியையும் கொண்டு 167 நாட்களில் ஓர் அரங்கை எழுப்பிவிடலாம். ஒரு பந்துவீச்சாளனை அவ்வாறு எழுப்ப இயலாது. அவ்வரங்கின் நிழலில் வளரும் பிள்ளைகளுக்கும், மாத்தளை மாவட்டத்தின் தோட்டப்புறப் பாடசாலைகளில் பயிலும் பிள்ளைகளுக்கும் முறைப்படி பயிற்சி பெற்ற பயிற்றுநர் எத்தனை பேர் உளர் என்று பேருந்தை மறித்தோர் கேட்டதில்லை. பேருந்தை மறித்தோரைப் பழித்து எழுதியோரும் கேட்டதில்லை.

கழக ஆட்டத்தின் நிலை இதனினும் விசித்திரமானது. 2020இல் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக் தொடரில் தம்புள்ளையின் பெயரால் ஓர் அணி உண்டு. அது வைக்கிங் என்றும், ஜயன்ட்ஸ் என்றும், ஓரா என்றும், சிக்ஸர்ஸ் என்றும் பெயர் மாறிற்று. 2024இல் தண்டர்ஸ் என்று பெயர் சூட்டிய சில வாரங்களிலேயே, உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டின் பேரிற் கைதாக, அவ்வுரிமையே இரத்துச் செய்யப்பட்டது. உரிமையாளரும் பெயரும் நிலையற்ற ஓர் அணிக்குப் பயிற்றுநராக இவரா அவரா என்று ரசிகர் வாதாடுவது, அத்திவாரமில்லா வீட்டுக்கு எந்த நிறத் திரைச்சீலை பொருந்தும் என்று வாதாடுவதற்கு ஒப்பாகும்.

இனி, இப்பிழையான வினா யாருக்கு வசதியாகின்றது என்று நோக்குவோம். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ், தேசிய அணிக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் ஒப்புதல் தேவைப்பட்டு வந்தது. 2017 டிசெம்பரில், ஒருநாட் தொடருக்காக இந்தியா செல்லவிருந்த ஒன்பது வீரர்கள், அவ்வொப்புதல் பெறப்படவில்லை என்ற காரணத்தினாற் புறப்படும் வேளையில் தடுத்து நிறுத்தப்பட்டனர். தன் அணி விமானம் ஏறுமா என்பதையே தீர்மானிக்க இயலாத ஒரு பயிற்றுநரிடம் தோல்விக்கான முழுக் கணக்கையும் கேட்பது நீதியாகுமா?

2023 நவம்பர் 2ஆம் திகதி மும்பையில் இந்தியாவுக்கெதிராக இலங்கை 55 ஓட்டங்களுக்குச் சுருண்டது. சில நாட்களில் அமைச்சர் கிரிக்கெட் நிருவாக சபையைக் கலைத்தார்; நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது; நவம்பர் 10ஆம் திகதி சர்வதேச கிரிக்கெட் பேரவை, அரசின் தலையீட்டைக் காரணங்காட்டி இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. 2024 ஜனவரி 28ஆம் திகதியே அத்தடை நீங்கிற்று. இவற்றுள் எதுவும் பயிற்றுநரின் செயலன்று. எனினும் ஒவ்வொரு நெருக்கடியின் பின்னும் முதலிற் பலியிடப்படும் தலை அவருடையதே. பயிற்றுநரை மாற்றுதல் நிருவாகத்துக்கு மலிவான பரிகாரம். ரசிகரின் கூச்சல் அப்பரிகாரத்துக்கு மக்களாணை என்ற போர்வையை அளிக்கின்றது.

இதற்கு ஒரு மறுப்பு எழுப்பப்படலாம். சனத் ஜயசூரிய 2024 ஜூலையில் இடைக்காலப் பயிற்றுநரானார். ஓகஸ்டில் இந்தியாவுக்கெதிரான ஒருநாட் தொடர் 1997க்குப் பின் முதன்முறையாக வெல்லப்பட்டது. செப்டெம்பரில் ஓவலில் இங்கிலாந்து வீழ்ந்தது. காலியில் நியூசிலாந்து இரு டெஸ்ட் போட்டிகளிலும் தோற்றது. வீரர்கள் பெரும்பாலும் பழையவர்களே. மாறியது பயிற்றுநர்தானே என்பர். இம்மறுப்பில் உண்மையுண்டு. பயிற்றுநர் ஒரு பொருட்டல்லர் என்பது இங்கே வாதமன்று. ஆயினும் அந்நியமனம் நடைபெற்ற முறையை உற்று நோக்குதல் வேண்டும். அவர் முதலில் இடைக்காலத்துக்கு அமர்த்தப்பட்டார், பணியிற் சோதிக்கப்பட்டார், பயன் கண்ட பின்னர் ஒக்டோபரில், 2026 மார்ச் வரையெனக் காலம் வரையறுத்துப் பொறுப்பு அளிக்கப்பட்டார். ஆகவே அவ்வெற்றிகள் பெயரின் மகிமையை மாத்திரமன்றிச் சோதித்துத் தெளியும் முறையின் சிறப்பையும் காட்டுகின்றன.

இம்முறை தமிழருக்குப் புதிதன்று. வள்ளுவர் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரமும், அதனை அடுத்துத் தெரிந்து வினையாடல் என வேறோர் அதிகாரமும் வகுத்தார். ஆராய்ந்து தேர்தல் ஒரு கடமை. தேர்ந்த பின் வினையை அவனிடமே ஒப்படைத்தல் மற்றொரு கடமை. நமது நிருவாகம் முன்னதை அவசரத்திற் செய்து, பின்னதை அறவே செய்யாது விடுகின்றது. ரசிகரோ முன்னதை மட்டுமே பேசிக் களைத்துப் போகின்றனர். அலெக்ஸ் பேர்குசன் 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைட்டெட் கழகத்தைப் பொறுப்பேற்றார். முதற் கிண்ணம் 1990 மே மாதத்திலேயே கிடைத்தது. இடையே அவரை விலகச் சொல்லும் பதாகையை ரசிகர் அரங்கிலேயே உயர்த்தினர். கழகம் அப்பதாகைக்குப் பணிந்திருந்தால் அதன் பின்னைய வரலாறு வேறாக இருந்திருக்கும்.

தம்புள்ளைக்கே மீள்வோம். 2024 ஜூலை 28ஆம் திகதி அதே ரங்கிரி அரங்கில் மகளிர் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி நடைபெற்றது. இந்தியா 165 ஓட்டங்கள் பெற்றது. அணித்தலைவி சமரி அத்தபத்து 61 ஓட்டங்களையும், ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காது 69 ஓட்டங்களையும் பெற, இலங்கை மகளிர் எட்டு விக்கெட்டுகளால் வென்று அக்கிண்ணத்தை முதன்முறையாகக் கைப்பற்றினர். அவ்வணியின் பயிற்றுநர் ருமேஷ் ரத்நாயக்க. மகளிர் அணிக்கு யார் பயிற்றுநராக வேண்டும் என்று எந்தத் தேநீர்க்கடையிற் பூசல் நிகழ்ந்தது? கூச்சலின்றி ஓர் அணி தன் வேலையைச் செய்தது. பேருந்து மறிக்கப்பட்ட மண்ணிலேயே கிண்ணம் உயர்ந்தது. இங்கும் ஒரு குறை ரசிகரைச் சாரும். மகளிரைப் பற்றி அவர் மௌனம் காத்தது நிதானத்தினால் அன்று, அலட்சியத்தினாலேயாகும்.

ஆகவே ரசிகர் வாய்மூட வேண்டியதில்லை. வினாவை மாற்றினாற் போதும். பயிற்றுநரைத் தேர்வதற்குரிய தகைமைகள் பகிரங்கப்படுத்தப்பட்டனவா? அணித் தெரிவில் அவருக்குள்ள அதிகாரம் யாது? எத்தனை ஆண்டுகள் அவருக்கு உறுதி செய்யப்பட்டுள்ளன. எந்த அளவுகோலால் அவர் மதிப்பிடப்படுவார்? மகளிர் அணிக்கும் இதே நெறி உண்டா? மாவட்டந்தோறும் பாடசாலைப் பயிற்றுநருக்கு ஒதுக்கப்படும் பணம் எவ்வளவு? இவ்வினாக்களுக்கு ஒரு பெயரைச் சொல்லித் தப்ப எந்த நிருவாகியாலும் இயலாது. பல்கலைக்கழக மாணவர் சமூகம் முதலிற் செய்யத்தக்கது, தன் விடுதி மண்டபத்தில் நள்ளிரவு வரை நிகழும் பெயர்ப் பட்டியல் விவாதத்தை நிறுத்தி, இவ்வினாக்களை எழுத்திற் கேட்பதாகும். அடுத்த தோல்வி என்றோ ஒருநாள் வரும். அன்று தம்புள்ளை வீதியில் திரளும் கூட்டம் வீரர்களின் பேருந்தைப் போகவிட்டு, நிருவாகிகளின் வாகனத்தை மரியாதையுடன் நிறுத்தி இவற்றைக் கேட்குமாயின், பயிற்றுநர் ஆசனத்தில் யார் அமர்ந்தாலும் அவருக்குப் பணிபுரிய ஒரு வாய்ப்புக் கிட்டும்.