கதை கேட்பதும் வாசிப்புதான்

"கதை சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளை கேட்டே பழகிவிடும், முதலில் எழுத்தைப் படிக்கட்டும், கதையெல்லாம் அப்புறம்" என்கிறார்கள். அக்கறையில் பிறந்த வாதம்தான், ஆனால் தவறு.

எழுத்தைக் கற்பிக்கத்தான் வேண்டும். அதில் சண்டையே இல்லை. ஆனால் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கலாக விளக்கினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் சேர்ந்த பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். 247 எழுத்தும் தெரிந்த பிள்ளை, பத்தியை உரக்கப் படித்துவிட்டு "என்ன கதை?" என்றால் விழிப்பது இதனால்தான்.

தமிழில் கதை கேட்பது இன்னும் அவசியம். வீட்டில் "நரி ஓடிப்போச்சு" என்று கேட்கும் குழந்தைக்குப் புத்தகத்தின் நடை புதிது. பக்கத்தில் உட்கார்த்தி வாசித்துக் காட்டினால்தான் அது காதுக்குப் பழகும்.

நாமே சொல்லி முடித்துவிடவும் கூடாது. அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், படக்கதை வாசிக்கும்போது கேள்வி கேட்கவும், பிள்ளையின் பதிலை விரித்துச் சொல்லவும் பெற்றோருக்குக் கற்றுத்தந்தார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சில் மற்றவர்களை முந்தினார்கள்.

எழுத்து வரும்வரை கதையை நிறுத்திவைப்பது, பிள்ளை வாசிக்க ஆசைப்படுவதற்கான காரணத்தையே நிறுத்திவைப்பது.